டயரில் பள்ளம் எதற்கு? மாரி தொடங்குமுன் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நிலாவெளியில் இருந்து திருகோணமலை டவுனுக்கு தினமும் வேலைக்கு ஓடுகிறவர், வண்டி பல்சர் 150, பின் டயர் நடுவில் ஏறக்குறைய மொட்டையாகிவிட்டது, முன் டயரில் கோடுகள் இன்னும் கொஞ்சம் தெரிகின்றன. டயர் கடையில் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தம்பி டிவியில் மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்கிறவர். அங்கே ஓடுகிற வண்டிகளின் டயரில் ஒரு கோடுகூட இல்லை, 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வந்து முழங்கை தரையில் உரசுகிற அளவுக்குச் சாய்கிறார்கள். "அப்படியென்றால் பள்ளம் பிடிக்காக இல்லைத்தானே அண்ணா, கோடை முழுக்க என்னுடைய டயரும் நன்றாகத்தான் பிடித்தது, பிறகு ஏன் இப்ப காசு செலவழித்து மாற்ற வேண்டும்?" என்பது அவருடைய கேள்வி.

கேள்வியின் முதல் பாதி முழுக்கச் சரி, தம்பி. இரண்டாவது பாதிதான் ஆளை விழுத்தும். இரண்டையும் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இருபது வருடத்துக்கு மேலாக மோட்டார் சைக்கிள் திருத்துகிற எனக்கு, மாரியில் விழுந்து நொருங்கி வருகிற வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் கண் போவது டயருக்குத்தான்.

என்னிடம் வருகிற பெரும்பாலானவர்கள், பள்ளத்தின் விளிம்புகள் ரோட்டைக் கவ்விப் பிடிக்கின்றன என்றுதான் நினைக்கிறார்கள். சேற்றிலும் மண்ணிலும் அது உண்மை, தாரில் அப்படி இல்லை. காப்பெட் ரோட்டைக் குனிந்து கிட்டப் பாருங்கள், தூரத்தில் வழுவழுப்பாகத் தெரிந்தாலும் அது முழுக்கச் சின்னச் சின்னக் கல் நுனிகள். வண்டியின் பாரம் ரப்பரை அந்த நுனிகளுக்கு மேல் அமுக்கும்போது ரப்பர் நெகிழ்ந்து இடுக்குகளுக்குள் இறங்குகிறது. பிறகு சறுக்கப் பார்த்தால் ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கித்தான் போக வேண்டும், அந்த ஏறி இறங்கலில் சக்தி சூடாகக் கழிந்துபோகிறது, அதுதான் வண்டியை நிறுத்துகிறது. அதோடு ரப்பர் கல்லோடு ஒட்டிக்கொள்கிற பிடியும் இருக்கிறது. இரண்டுக்குமே ரப்பர் கல்லில் பட வேண்டும். பள்ளம் இருக்கிற இடத்தில் ரப்பர் இல்லை, ஆகவே அங்கே பிடியும் இல்லை. இது மட்டுமில்லை, பள்ளம் ரப்பரைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறது, அந்தத் துண்டுகள் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் சாயும்போதும் அசைந்து கொடுக்கின்றன, அசைவதால் சூடாகின்றன, தேய்கின்றன.

இதற்கு நல்ல சாட்சி கார்ப் பந்தயத்தில் இருக்கிறது. பார்முலா 1 கார்கள் வளைவுகளில் அளவுக்கு மீறிய வேகத்தில் போகின்றன என்று, 1998 தொடக்கம் 2008 வரை காய்ந்த ரோட்டுக்கான டயரிலும் சுற்றிவரப் பள்ளம் இருக்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். பிடியைக் குறைத்து வேகத்தைக் குறைப்பதற்காகவே பள்ளம் போட்டார்கள். 2009 இல்தான் மொட்டை டயர் திரும்பி வந்தது. ஆகவே காய்ந்த ரோட்டில் மொட்டை டயர் நன்றாகப் பிடிக்கும் என்று நீங்கள் சொல்வது உண்மை.

சரி, ஆனால் டிவியில் நீங்கள் பார்க்கிற மொட்டை டயரும் உங்கள் தேய்ந்த டயரும் ஒன்றில்லை. 2016 இல் இருந்து மோட்டோஜிபிக்கு டயர் கொடுத்துவந்த மிஷெலின், அதைப் பள்ளம் இல்லாமலேயே, மிக மென்மையான ரப்பரில், ஒரு பந்தயம் ஓடி முடிகிற அளவுக்கு மட்டும் செய்தது. ஓடத் தொடங்குமுன் மின்சாரப் போர்வை சுற்றி அதைச் சூடாக்கி வைக்கிறார்கள், அந்தச் சூடு இல்லாவிட்டால் அது சரியாகப் பிடிக்காது. உங்களுடைய டயரோ பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று கொஞ்சம் இறுக்கமான ரப்பரில் செய்தது, நடுவில் இருந்த நல்ல ரப்பர் போய், இப்போது டயருக்குப் பலம் கொடுக்கிற உள் நூல் படைக்கு மேலே மிச்சம் இருக்கிற மெல்லிய தோலில் ஓடுகிறீர்கள். இன்னொரு விஷயத்தையும் அதே டிவியில் கவனித்திருப்பீர்கள், பந்தயத்தின் நடுவில் மழை பெய்தால் என்ன செய்கிறார்கள்? உள்ளே வந்து, மழை டயர் பூட்டித் தயாராக நிற்கிற வேறு வண்டியில் ஏறிப் போகிறார்கள். அந்த மழை டயரைப் பாருங்கள், முழுக்கப் பள்ளம்தான். உலகத்திலேயே திறமான ஓட்டுநர்கள்கூட மொட்டை டயரில் மழைக்குள் ஓடத் துணிவதில்லை.

பள்ளத்தின் வேலை அதுதான், தண்ணீர். ரப்பருக்கும் கல்லுக்கும் நடுவில் வருகிற தண்ணீருக்கு ஒரு வழி விடுவது. வேறு சின்ன வேலைகளும் உண்டு, டயர் கொஞ்சம் வளைந்து கொடுக்க உதவுவது, தேய்மானத்தைக் காட்டுவது மாதிரி, ஆனால் தார் ரோட்டு டயரில் பள்ளம் இருப்பதற்கு முதற்காரணம் தண்ணீர்தான்.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், கணக்குப் பார்த்தால்தான் இது விளையாட்டில்லை என்று விளங்கும். பின் சில்லில் ஏறக்குறைய 130 கிலோ பாரம் இறங்குகிறது என்று வையுங்கள், டயரில் 28 பிஎஸ்ஐ காற்று இருந்தால் அது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு சுமார் 2 கிலோ. ஆகவே டயர் ரோட்டைத் தொடுகிற இடம் 65 சதுர சென்ரிமீற்றர் அளவுதான், கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை. அகலம் 6 சென்ரிமீற்றர், நீளம் 10 அல்லது 11. இப்போது ரோட்டில் 2 மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, நீங்கள் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். ஒவ்வொரு விநாடியும் உங்கள் டயர் 16 மீற்றருக்கு மேல் உருள்கிறது, அந்தப் பாதையில் கிடக்கிற தண்ணீர் விநாடிக்கு 2 லீற்றர். ஒரு பெரிய சோடாப் போத்தல் தண்ணீரை ஒவ்வொரு விநாடியும் டயருக்கு அடியில் இருந்து அப்புறப்படுத்த வேண்டும். ரப்பரின் ஒரு புள்ளி ரோட்டைத் தொட்டு மேலே எழும்புகிற நேரம் 6 மில்லிவிநாடி, ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஆறு. அந்த நேரத்துக்குள் தண்ணீர் வெளியேறி, ரப்பர் இறங்கிக் கல்லைத் தொட்டு, பிடித்து, விட வேண்டும்.

தண்ணீர் அமுங்காது. போக இடம் கொடுக்காவிட்டால் அது டயரைத்தான் தூக்கும். டயரின் முன்பகுதியில் ஆப்பு மாதிரித் தண்ணீர் நுழைகிறது, அதற்குப் பின்னால் மெல்லிய படலமாகக் கொஞ்சம், அதற்கும் பின்னால்தான் ரப்பர் உண்மையில் கல்லைத் தொடுகிற இடம். வேகம் கூடக் கூட அந்த ஆப்பு பின்னுக்கு நீண்டுகொண்டு வரும், தொடுகிற இடம் சுருங்கும். கடைசியில் தொடுகிற இடமே இல்லாமல் போனால் வண்டி தண்ணீருக்கு மேல் மிதக்கிறது, அப்போது பிரேக் என்றும் ஹாண்டில் என்றும் ஒன்றும் இல்லை. பள்ளம் இருந்தால் முன்னால் வருகிற தண்ணீர் அதற்குள் புகுந்து பக்கவாட்டில் போய்விடுகிறது, ஆப்பு வளர்வது தள்ளிப்போகிறது. பள்ளத்தின் ஆழம் பாதியானால் அது கொள்கிற தண்ணீரும் பாதி. 5 மில்லிமீற்றர் ஆழத்தில் தொடங்கிய பள்ளம் 1 மில்லிமீற்றருக்கு வந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம், ஆனால் மேலே இருந்து பார்க்கிறவருக்கு "கோடு இன்னும் தெரியுதே" என்றுதான் இருக்கும்.

மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நல்ல விஷயம் உண்டு, டயர் உருண்டையானது. நம்முடைய கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை லேசாகச் சொல்லலாம், கார் டயர் தெப்பம் மாதிரி, தட்டையான முகத்தோடு தண்ணீரைத் தள்ளுகிறது, மோட்டார் சைக்கிள் டயர் வள்ளம் மாதிரி, அதன் முன்முனையான அணியம் தண்ணீரை இரண்டு பக்கமும் பிளந்துகொண்டு போகிறது. அதனால் அதே தண்ணீரில் கார் மிதக்கிற வேகத்தில் நாங்கள் மிதக்க மாட்டோம். ஆனால் தம்பி, உங்கள் ஓட்டம் எப்படிப்பட்டது? நிலாவெளி ரோடு ஏறக்குறைய நேர் ரோடு. சாயாமல் நேராகவே ஓடுவதால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து டயர் சதுரமாகிவிடும். அப்படி ஆன டயருக்கு அணியம் போய்விட்டது, அதுவும் தெப்பம்தான். பள்ளமும் இல்லை, உருண்டையும் இல்லை. அதோடு வளைவில் சாயும்போது அந்தத் தட்டையின் ஓரத்தில் ஏறி விழுவது மாதிரி வண்டி திடுமெனச் சாயும், இது காய்ந்த ரோட்டிலும் நடக்கிற கோளாறு.

மிதக்கிற வேகத்துக்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது, 1960களில் நாசாவில் விமான டயர்களை வைத்துக் கண்டுபிடித்தது. டயரின் காற்றை பிஎஸ்ஐயில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால், விமானத்துக்கும் கப்பலுக்கும் வேகம் சொல்கிற நொட் கணக்கில் வேகம் வரும், கிலோமீட்டரில் வேண்டுமென்றால் 9 க்குப் பதிலாக ஏறக்குறைய 16.7 ஆல் பெருக்க வேண்டும். 36 பிஎஸ்ஐ என்றால் 100 கிலோமீட்டர், 25 என்றால் 83, 16 என்றால் 67. பள்ளத்துக்கும் அடங்காத அளவுக்குத் தண்ணீர் நிற்கும்போது நடக்கிற கணக்கு இது, மொட்டை டயருக்கு அப்படியே பொருந்தும், உருண்டையான டயருக்குக் கொஞ்சம் தள்ளி வரும். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் அந்த இலக்கங்கள் இல்லை, காற்றுக் குறைந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள் என்பதுதான். மாதக்கணக்கில் காற்றுப் பார்க்காமல் ஓடுகிறவர்கள் பலர். காற்றுக் குறைந்த டயர் நடுவில் உள்வாங்கிப் பள்ளங்களையும் நெருக்கி மூடும், ஆகவே நல்ல பள்ளம் உள்ள டயரையும் காற்று இல்லாமல் ஓடினால் பாதி மொட்டைதான். பெற்றோல் செட்டில் காற்றடிக்க ஐந்து நிமிடம் போதும்.

முழுதாக மிதக்க வேண்டும் என்றும் இல்லை. அதற்கு எவ்வளவோ முன்னமே பிரேக் பிடி குறையத் தொடங்கிவிடும், விழுகிற ஆட்கள் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறார்கள். காய்ந்த தாரில் உராய்வு எண் 0.8 என்று எடுத்தால் 60 கிலோமீட்டரில் இருந்து நிற்க ஏறக்குறைய 18 மீற்றர் போதும். நனைந்த ரோட்டில் நல்ல டயரோடு 0.5 என்றால் 28 மீற்றர். பிடி 0.3 க்கு இறங்கினால் 47 மீற்றர். இதெல்லாம் பிரேக் முழுதாகப் பிடித்த பிறகு உள்ள தூரம், கண்ணால் கண்டு கையை அமுக்குவதற்குள் ஒரு விநாடி போனால் அதற்கே இன்னும் 16 மீற்றர்.

எனக்கு இது கணக்காகத் தெரியுமுன்னமே உடம்பில் தெரிந்தது. பல வருடத்துக்கு முந்திய டிசெம்பர் மாலை, காலையில் இருந்து விடாத மழை, கோட்டைப் பக்கத்தால் வந்துகொண்டிருந்தேன், வேகம் ஐம்பதுகூட இருக்காது. நம்முடைய ஊரில் மான்கள் டவுனுக்குள் ஆடு மாடு மாதிரித் திரிவது உங்களுக்குத் தெரியும், ஒன்று மரத்துக்குப் பின்னால் இருந்து ரோட்டுக்கு வந்து நின்று என்னைப் பார்த்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பின் டயர் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, முன் டயரை மட்டும் "இந்த மாரி முடியட்டும்" என்று விட்டிருந்தேன். பின் சில்லு பிடித்தது, முன் சில்லு பிடிக்கவில்லை, ஹாண்டில் கைக்குள் இருந்து மடிந்து போனது, அவ்வளவுதான் ஞாபகம். தோள் எலும்பு உடைந்து ஆறு வாரம் வேலை இல்லை. அன்றைக்கு ஒரு முன் டயரின் விலையை மிச்சம் பிடித்திருந்தேன்.

அதனால்தான் முன் டயரைப் பற்றி யார் கேட்டாலும் அழுத்திச் சொல்கிறேன். பின் டயர் சீக்கிரம் தேயும், எஞ்சினின் இழுவை அதில்தான் இறங்குகிறது, ஆகவே எல்லோருக்கும் அது கண்ணில் படுகிறது, மாற்றுகிறார்கள். முன் டயர் மெதுவாகத் தேயும், வருடக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் மழையில் முதலில் தண்ணீரைப் பிளப்பது முன் சில்லு, பின் சில்லு அது திறந்துவிட்ட பாதையில்தான் வருகிறது. பிரேக் பிடித்தால் பாரம் முன்னுக்குப் பாய்கிறது, நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சில்லுக்குத்தான். பின் சில்லு சறுக்கினால் வண்டி வால் ஆட்டும், பல நேரம் பிடித்து நிமிர்த்திவிடலாம். முன் சில்லு சறுக்கினால் நிமிர்த்த நேரமே இல்லை.

பள்ளத்தால் ஆகாத காரியங்களும் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புது டயர் போட்ட தைரியத்தில் போய் விழுவீர்கள். முதலாவது, மாரியின் முதல் மழை. கோடையில் வீசுகிற கச்சான் காற்று மாதக்கணக்கில் தூசியையும் மணலையும் கொண்டுவந்து ரோட்டில் கொட்டியிருக்கும், வாகனங்களின் எண்ணெய்க் கசிவும் டயர்த் தூளும் சேர்ந்து அதில் ஊறியிருக்கும். ஒக்டோபரில் முதல் தூறல் விழும்போது அது கழுவுப்படாமல் ஒரு பசையாக மாறுகிறது. அந்தப் படலம் மிக மெல்லியது, பள்ளத்துக்குள் ஓடி வடிகிற தண்ணீர் இல்லை, ஆகவே எவ்வளவு ஆழமான பள்ளமும் அதற்கு மருந்தில்லை. ஒரு நல்ல மழை பெய்து ரோடு கழுவுப்படும்வரை மெதுவாகப் போவது மட்டும்தான் வழி. இதே கதைதான் ரோட்டில் அடித்த வெள்ளைப் பெயின்ற் கோடுகளுக்கும், பாலங்களின் இரும்பு இணைப்புகளுக்கும். அங்கே ரப்பர் இறங்குவதற்குக் கல் நுனியே இல்லை, நனைந்தால் கண்ணாடிதான். கிண்ணியாப் பாலத்தில் மழைக்குள் போகும்போது அந்த இணைப்புகளுக்கு மேல் பிரேக்கும் பிடிக்காதீர்கள், சாயவும் சாயாதீர்கள்.

இரண்டாவது மணல். உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கத்தில் கடற்கரை ஒழுங்கைகள் ரோட்டில் ஏறுகிற இடங்களில் மணல் பரவிக் கிடக்கும். தாருக்கு மேல் மெல்லிசாகக் கிடக்கிற மணல் சின்னக் குண்டுகளில் உருள்வது மாதிரி, பள்ளம் உள்ள டயரும் மொட்டையும் அங்கே ஒன்றுதான். ஆழமான மணலும் சேறும் வேறு, அங்கே பெரிய கட்டி கட்டியான டயர் தோண்டிப் பிடிக்கும், உழவு இயந்திரத்தின் பின் டயரைப் பார்த்தால் விளங்கும். ஆனால் அந்த மாதிரிக் கட்டி டயரை அழகுக்காகப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் ஓடுகிற பொடியன்களைக் காண்கிறேன், தாரில் அதற்குத் தொடுகிற ரப்பரும் குறைவு, கட்டிகள் ஆடுவதும் கூட. தம்பலகாமம் வயல் பக்கம் கிறவல் ரோட்டிலேயே நாள் முழுக்க ஓடுகிறவருக்கு அது சரி, நிலாவெளியில் இருந்து டவுனுக்கு வருகிறவருக்குத் தேவையில்லை. விதைப்புக் காலத்தில் உழவு இயந்திரம் வயலில் இருந்து ஏறும்போது ரோட்டில் விழுகிற களிமண்ணையும் கவனியுங்கள், அது பள்ளத்துக்குள் அடைந்துவிட்டால் புது டயரும் கொஞ்சத் தூரத்துக்கு மொட்டைதான்.

முன் டயரிலும் பின் டயரிலும் பள்ளத்தின் வடிவம் ஏன் வேறு என்று பலர் கேட்பார்கள். நம்முடைய சாதாரண வண்டிகளில் முன் டயரில் நீளவாட்டில் கோடுகள் ஓடும், திருப்பும்போது பக்கவாட்டுப் பிடி வேண்டும் என்பதற்காக, பின் டயரில் குறுக்கும் சரிவுமாகத் துண்டுகள் இருக்கும், இழுவைக்காக. டயரின் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் அது சுழல வேண்டிய திசை. தண்ணீர் நடுவில் இருந்து வெளிப்பக்கம் போகிற மாதிரிப் பள்ளத்தைச் சரித்து வெட்டியிருப்பார்கள், அதோடு மேல் ரப்பர் ஒரு பட்டையாகச் சுற்றி ஒட்டப்படுகிறது, அந்த ஒட்டு பின் டயரில் இழுவையையும் முன் டயரில் பிரேக்கையும் தாங்குகிற பக்கமாகச் சரிந்திருக்கும். ஆகவே திசை மாற்றிப் பூட்டுவது பிழை. பூட்டி முடித்ததும் கடையிலேயே அம்புக்குறியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, எப்போது மாற்றுவது? டயரின் பக்கச் சுவரில் சின்ன முக்கோணமோ டிடபிள்யூஐ என்ற ஆங்கில எழுத்துகளோ இருக்கும், அதற்கு நேரே பள்ளத்துக்குள் பார்த்தால் அடியில் ஒரு சின்ன மேடு. மோட்டார் சைக்கிள் டயர்களில் அது பெரும்பாலும் 0.8 மில்லிமீற்றர் உயரம். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் ஆயுள் முடிந்தது, அதற்குமேல் கதையில்லை. ஆனால் நான் சொல்வது, திருகோணமலையில் ஓடுகிறவர் மாரிக்கு முன்னால் அந்த மேடுவரை காத்திருக்கக்கூடாது. நமக்கு வருட மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரிக்குள் கொட்டிவிடுகிறது. கோடையில் 1 மில்லிமீற்றர் உள்ள டயரோடு ஓடுவதில் பெரிய ஆபத்தில்லை, தேய்ந்த டயர் முள்ளுக்கும் கல்லுக்கும் லேசாகப் பஞ்சராகும் என்பதைத் தவிர. அதே டயரோடு நவம்பருக்குள் போகக்கூடாது. செப்டெம்பர் கடைசியில் ஒரு தீக்குச்சியைப் பள்ளத்துக்குள் நேராக விட்டு, நகத்தால் அடையாளம் பிடித்து, பிள்ளைகளின் அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் 2 மில்லிமீற்றர் இல்லாவிட்டால் மாரியை அந்த டயரில் தொடங்காதீர்கள். இந்த 2 என்பது என்னுடைய அளவு, சட்டம் இல்லை.

ஆழம் இருந்தாலும் போதாது, வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், 3521 என்றால் 2021 ஆம் ஆண்டின் 35 ஆவது கிழமையில் செய்தது. ரப்பர் வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடந்து வருடா வருடம் இறுகிக்கொண்டு போகும். நான் முதலில் சொன்ன மாதிரிக் கல் இடுக்குக்குள் நெகிழ்ந்து இறங்குவதுதான் பிடி, இறுகிய ரப்பர் இறங்காது. குறைவாக ஓடிய பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள், பள்ளம் புதுசு மாதிரி இருக்கும், நகத்தால் அமுக்கினால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், பக்கத்தில் மயிர் மயிராக வெடிப்பு. அந்த டயரைவிடப் பாதி தேய்ந்த இளம் டயர் மேல். ஐந்து வருடம் தாண்டிய டயரை ஒவ்வொரு மாரிக்கு முன்னும் வடிவாகப் பார்க்க வேண்டும், வெடிப்புத் தெரிந்தால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி விற்பதைக் கண்டிருக்கிறேன், 2022 நெருக்கடியில் எல்லா விலையும் ஏறியபோது நல்ல ஆட்களே வேறு வழியில்லாமல் அதை வாங்கினார்கள். அப்படி வெட்டலாம் என்று அடையாளமிட்டு, அதற்கென்றே அடியில் தடித்த ரப்பர் வைத்துச் செய்கிற டயர்கள் லொறிக்கும் பஸ்ஸுக்கும் இருக்கின்றன. மோட்டார் சைக்கிள் டயரில் அந்தத் தடிப்பு இல்லை, வெட்டுகிற கத்தி நூல் படைக்குக் கிட்டப் போய்விடும், ஓடும்போது வெடித்தால் தப்புவது கஷ்டம். காசு இல்லை என்றால் பழைய டயரோடு மழையில் 30 இல் போங்கள், வெட்டின டயரை வாங்காதீர்கள்.

அளவைக் கூட்டிப் போடவும் வேண்டாம். பல்சர் 150 க்குப் பின்னால் 100/90-17 என்றால் (முதல் 100 என்பது மில்லிமீற்றரில் அகலம்) அதையே போடுங்கள். அதே றிம்மில் 120 அகலத்தை அமுக்கிப் போட்டால் வண்டி பாரமாகத் தெரியும், வடிவாகவும் இருக்கலாம், ஆனால் டயரின் வடிவம் கெட்டு, தள்ள வேண்டிய தண்ணீரின் அகலமும் கூடுகிறது.

ஆகவே உங்கள் விஷயத்தில், தம்பி, பின் டயர் இந்த மாதமே மாற வேண்டும், நடுவில் மொட்டை என்றால் அளக்கவே தேவையில்லை. முன் டயரைத் தீக்குச்சியால் அளந்து, நான்கு இலக்கத்தையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், 2 க்குக் கீழே என்றால் அதையும் மாரிக்கு முன் மாற்றுவோம், இரண்டையும் ஒரே நாளில் வாங்கக் கஷ்டம் என்றால் பின் டயர் இப்போது, முன் டயர் அடுத்த சம்பளத்தில். மழை தொடங்குவதற்கு முந்தியே போடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புது டயரின் மேல்தோல் அச்சில் இருந்து வந்த வழுவழுப்போடு இருக்கும், முதல் 100, 150 கிலோமீட்டர் ஓடி அந்தத் தோல் உரசிப் போன பிறகுதான் முழுதாகப் பிடிக்கும், அதைக் காய்ந்த ரோட்டில் செய்ய வேண்டும், நனைந்த ரோட்டில் இல்லை. பூட்டின கிழமையே ஒரு வெயில் நாளாகப் பார்த்துக் குச்சவெளி வரைக்கும் இரண்டு தடவை போய் வாருங்கள், திடீர் பிரேக் இல்லாமல், ஆரம்பத்தில் நேராக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து.